மீன் மாத்திரை வைத்தியர்

மீன் மாத்திரை வைத்தியர் என்று ஓர் இனம் உண்டு. எங்கள் வடக்கு டகோட்டாவில் அது கோதுமைக்கு அடுத்தபடியாக நன்றாக விளைகிறது. அடையாளம் காண்பது சுலபம். அவர் வீட்டு கராஜ் கதவைத் தூக்கிப் பாருங்கள். பனி வாரும் இயந்திரம், ஏரிப் பனியில் ஓட்டை போடும் துரப்பணம், போன வருஷத்து என்ஜின் ஆயில், எந்த வண்டிக்கும் பொருந்தாத நாலு டயர்கள், இவற்றுக்கு நடுவே ஒரு பழைய காபி டின் இருக்கும். டின்னுக்குள் தங்க மீன் படம் போட்ட பிளாஸ்டிக் புட்டி, மீன் தொட்டியில் கரைப்பதற்கென்று டாக்டர் சீட்டில்லாமல் கிடைக்கும் ஆன்டிபயாடிக் மாத்திரையோடு, பாதி காலியாக. 'மீன்களுக்கு மட்டும். மனிதர் உபயோகத்துக்கு அல்ல' என்று அதன்மேல் கொட்டை எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். இப்போது வீட்டுக்குள் போய் மீன் தொட்டியைத் தேடுங்கள். தேடிக்கொண்டே இருங்கள். அந்த வீட்டுக்குள் உயிரோடு ஒரு மீன் வந்ததே கிடையாது. வந்ததெல்லாம் வாணலிக்குத்தான் வந்தது.

இந்த இனத்துக்கு ஒரே ஒரு கொள்கைதான். யாரையும் தொந்தரவு செய்யக் கூடாது. ஹீட்டர் நின்றுபோனால் தானே பிரித்துப் போடுவார். லாரி நின்றுபோனால் தானே அதனடியில் போய்ப் படுத்துக்கொள்வார். கூரை ஒழுகினால் ஏணி, குழாய் உறைந்தால் ஊதுகுழல் விளக்கு, பல் வலித்தால் குறடு என்று எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு சாமான் தயாராக இருக்கும். ஆளைக் கூப்பிட்டுச் செய்வது கையாலாகாதவன் வேலை. அதிலும் டாக்டரிடம் போவதா? நூற்று மூன்று டிகிரி காய்ச்சலில் கண் ரத்தமாகச் சிவந்து நிற்கும்போது "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். "மோசமில்ல" என்பார். மரம் அறுக்கும்போது விரல் போய்விட்டால் அதுவும் மோசமில்லைதான். சவப்பெட்டிக்குள்ளிருந்து பதில் சொல்ல முடிந்தால் அப்போதும் இதையேதான் சொல்வார்.

அவர் பேசும் வைத்திய சாஸ்திரம் நாலைந்து வாக்கியங்களுக்கு மேல் போகாது. "மருந்துன்னா மருந்துதான், மீனுக்கென்ன, மனுஷனுக்கென்ன?" "மனுஷருக்கு அல்லன்னு போட்டிருக்கிறது வக்கீலுங்களுக்காக." "டாக்டர்கிட்ட போனா இல்லாத வியாதியையும் சேர்த்துக் கட்டிவிடுவான்." எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று இருக்கிறது. "ரெண்டு நாள் போட்டேன், விட்டுப்போச்சு." இந்த ரெண்டு நாள் கணக்கை அவருக்கு யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. ஏழு நாள் மருந்தை இரண்டு நாளில் நிறுத்திவிட்டு மிச்சத்தை எடுத்து வைப்பதில் அவருக்கு ஒரு பெருமை. உடம்பும் சரியாயிற்று, மருந்தும் மிச்சமாயிற்று. இதைவிடக் கெட்டிக்காரத்தனம் உண்டா?

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். பெயர் டெல்லா. கவுண்டி, அதாவது மாவட்டச் சுகாதார அலுவலகத்தில் இருபத்திரண்டு வருஷமாக நர்ஸ். என் மேஜைக்கு வருவது பெரும்பாலும் வெட்டை நோய். டாக்டர்கள் கொனோரியா என்று எழுதுவார்கள். நோய் வந்தவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, அது யாரிடமிருந்து வந்திருக்கும், யாரிடம் போயிருக்கும் என்று மெல்லக் கேட்டு, அந்தப் பெயர்களைத் தேடிப் போய் அவர்களுக்கும் ஊசி போட்டுவிடுவது என் உத்தியோகம். பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கும் ஒரு பௌலிங் கூடமும் இரண்டு மாதா கோயிலும் மட்டுமே உள்ள ஊரில் இந்த உத்தியோகம் பார்ப்பது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். என் கார் ஒரு வீட்டு வாசலில் நின்றால் எதிர் வீட்டுத் திரைச்சீலை அசையும். அதனால் நான் எப்போதும் இரண்டு வீடு தள்ளித்தான் நிறுத்துவேன்.

பொதுவாகச் சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். ஓர் ஆளையே காட்டுகிறேன். வெர்லின் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயரை மாற்றியிருக்கிறேன், எடையை மாற்றவில்லை. வயது நாற்பத்தாறு, எடை இருநூற்று முப்பது பவுண்டு. வீடு வீடாகச் சமையல் வாயு நிரப்பும் லாரி ஓட்டுகிறார். வியாழக்கிழமை பௌலிங் அணிக்கு அவர்தான் தலைவர். நல்ல மனிதர். இதைக் கேலியாகச் சொல்லவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன், கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம், பூஜ்யத்துக்கு முப்பது டிகிரி கீழே போன நாளில் என் வீட்டு ஹீட்டர் நின்றுபோனபோது வந்து மூன்று மணி நேரம் மண்டியிட்டுச் சரிசெய்துவிட்டு, ஒரு கோப்பை காபிகூடக் குடிக்காமல் போனவர். அந்த நன்றி எனக்கு இன்னும் இருக்கிறது. அதனால்தான் கோபமும் இவ்வளவு இருக்கிறது.

மீன் மருந்தை மனிதன் எவ்வளவு சாப்பிடுவது? புட்டியில் 'பத்து கேலன் தண்ணீருக்கு ஒரு மாத்திரை' என்றுதான் போட்டிருக்கிறது. சாதாரண மனிதர் இந்த இடத்தில் புட்டியைக் கீழே வைத்துவிடுவார். வெர்லின் வைக்கவில்லை. சில வருஷங்களுக்கு முன் கடைவாய்ப்பல் வீங்கியபோது பௌலிங் கூடத்தில், பொரித்த பாலாடைக்கட்டித் தட்டுக்குப் பக்கத்தில், காகிதத் துணுக்கும் பென்சிலுமாக உட்கார்ந்து தாம் எத்தனை கேலன் என்று கணக்குப் போட்டார். ஒரு கேலன் தண்ணீர் எட்டே கால் பவுண்டு சொச்சம். இருநூற்று முப்பதை அதால் வகுத்தால் ஏறக்குறைய இருபத்தெட்டு கேலன். அணியில் இரண்டாவது ஆட்டக்காரரான ஆர்டெல் இதற்குக் கடுமையாக ஆட்சேபித்தாராம்.

"மனுஷன் முழுக்கத் தண்ணியாடா? எலும்பைக் கழிக்க வேணாமா?"

"எலும்புலயும் ஈரம் இருக்கும்டா."

"அப்ப இப்ப குடிச்ச பீரு?"

"அது நிக்காது. அதைச் சேர்க்கக் கூடாது."

விஞ்ஞானிகள் இப்படித்தான் முடிவுக்கு வருகிறார்கள். இருபத்தெட்டு கேலன், ஆகவே நாளுக்கு மூன்று மாத்திரை. பல்வீக்கம் எப்படியோ வடிந்துவிட்டது. அன்றிலிருந்து அணியில் யாருக்குப் பல் வலித்தாலும், சளி பிடித்தாலும், முதுகு பிடித்துக்கொண்டாலும் வெர்லின் அவரை ஏற இறங்கப் பார்ப்பார். "நீ ஒரு இருபத்திரண்டு கேலன் இருப்பே" என்பார். காபி டின் திறக்கும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஒரு செப்டம்பரில் வெர்லினை அவருடைய கம்பெனி பிஸ்மார்க் நகரத்துக்கு மூன்று நாள் பாதுகாப்புப் பயிற்சிக்கு அனுப்பியது. எரிவாயு கசியாமல் பார்த்துக்கொள்வது எப்படி என்று பகலெல்லாம் பாடம் கேட்டார். மாலையில் தங்கியிருந்த ஓட்டலின் மதுக்கூடத்தில் உட்கார்ந்தார். அங்கே அவரோடு பேசிக்கொண்டிருந்த பெண்ணின் முதல் பெயர் மட்டும்தான் அவருக்குத் தெரியும், அதுவும் நிச்சயமில்லை. ஊர் திரும்பிய ஐந்தாம் நாள் சிறுநீர் கழிக்கும்போது நெருப்பாக எரிந்தது. உள்ளாடையில் சீழ் பட்டிருந்தது.

அன்று காபி டின்னில் சரக்கு தீர்ந்திருந்தது. ஆகவே வளர்ப்புப் பிராணிக் கடைக்குப் போனார். அங்கே நடந்ததைக் கடைப் பெண் பிறகு எனக்குச் சொன்னாள். அவளுக்கு அது நாளுக்கு மூன்று முறை நடக்கும் நாடகம்.

"என்ன மீன் வச்சிருக்கீங்க சார்?"

"தங்க மீன்."

"அதுக்கு என்ன பண்ணுது?"

"எரிச்சல்."

"மீனுக்கு எரிச்சல்னு எப்படித் தெரிஞ்சுது?"

"மூஞ்சியிலே தெரியுது."

"தொட்டி எத்தனை கேலன்?"

"இருபத்தெட்டு" என்றார் வெர்லின், கண் இமைக்காமல்.

எங்கள் மாவட்டத்து ஆண்கள் வளர்க்கும் கற்பனை மீன்களைப் போல் நோஞ்சான் மீன்கள் உலகத்தில் எங்கேயும் கிடையாது. அவற்றுக்குப் பல் வலிக்கும், நெஞ்சில் சளி கட்டும், வேட்டைக் காலம் தொடங்கினால் முழங்கால் வீங்கும். அவை எல்லாமே திங்கட்கிழமை காலை வேலைக்குப் போகத் தேறிவிடும்.

வெர்லினின் மீனும் தேறியது. இரண்டு நாள் மும்மூன்று மாத்திரை, மூன்றாம் நாள் எரிச்சல் பாதி, நாலாம் நாள் கால்வாசி. போதும், விட்டுப்போச்சு. மிச்சம் காபி டின்னுக்குப் போயிற்று. உண்மையில் எதுவும் எங்கும் போகவில்லை. அரைகுறை மருந்தில் செத்தவை சோப்ளாங்கிக் கிருமிகள். பிழைத்துக்கொண்டவை முரட்டுக் கிருமிகள். இனிமேல் பெருகப்போவது அவற்றின் பிள்ளைகுட்டிகள்தான். வெர்லின் தம் உடம்பிலிருந்து கோழைகளை விரட்டிவிட்டு ரௌடிகளைக் குடிவைத்துக்கொண்டார். வெளியே சத்தம் மட்டும் குறைந்திருந்தது.

அந்த வீட்டில் கொரீன் என்று ஒருத்தி இருந்தாள். அவளுக்கு முப்பத்தைந்து வயது. ஆறு வருஷமாக வெர்லினோடு வாழ்கிறவள். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட பஸ்ஸை ஓட்டுகிறாள். நாற்பது குழந்தைகளையும் முகத்தை மூடிக் குல்லாய் போட்டிருந்தாலும் பூட்ஸை வைத்தே பெயர் சொல்லிவிடுவாள். அவளுக்கு ஒரு குழந்தை வேண்டும். மூன்று வருஷமாக முயற்சி. விடுமுறை நாளையெல்லாம் சேர்த்து வைத்து, இருநூறு மைல் ஓட்டிக்கொண்டு ஃபார்கோவுக்குப் போய் அதற்கான டாக்டரைப் பார்த்துவிட்டு வருவாள். எல்லாம் சரியாக இருக்கிறது, காலம் கொடுங்கள் என்று அந்த டாக்டர் ஆகஸ்டில்தான் சொல்லியிருந்தார். இதை அவள் என்னிடம் மாதா கோயில் விருந்தில், ஹாட்டிஷ் என்று நாங்கள் அடுப்பில் வேகவைக்கும் உருளைக்கிழங்குக் கலவையைப் பரிமாறிக்கொண்டே சொன்னாள். அவ்வளவு சந்தோஷமாக அவளை நான் பார்த்ததில்லை.

அக்டோபர் தொடக்கத்தில் அவளுக்கு அடிவயிற்றில் வலி. வெர்லினுக்கு விஷயம் புரிந்துவிட்டது. அவர் அசடு இல்லை. புரிந்தும் என்ன செய்தார்? கொரீன் எத்தனை கேலன் என்று கணக்குப் போட்டார். பதினைந்து. ஆகவே ஒன்றரை மாத்திரை. ஒரு மாத்திரையின் காப்ஸ்யூல் கூட்டைப் பிரித்து, உள்ளே இருந்த பொடியைப் பேனாக்கத்தியால் சமமாக இரண்டாக வகுத்தார். ஊரில் ஒரு காய்ச்சல் சுற்றுகிறது, நானும் இதைத்தான் போட்டேன் என்று சொல்லி அவள் கையில் கொடுத்தார். அவளும் போட்டுக்கொண்டாள். ஹீட்டரையும் லாரியையும் கூரையையும் சரிசெய்கிறவர் கொடுத்தால் யார்தான் கேள்வி கேட்பார்கள்? வலி இரண்டு வாரத்துக்கு அடங்கியிருந்தது.

அக்டோபர் கடைசியில் ஒரு மத்தியானம், கடைசிக் குழந்தையை வீட்டில் இறக்கிவிட்டு பஸ்ஸை ஓரமாக நிறுத்தினாள். நிறுத்திய பிறகுதான் மயங்கினாள். ஆஸ்பத்திரியில் நூற்று நாலு டிகிரி காய்ச்சல். வெட்டை மேலே ஏறிக் கருப்பைக்குள் போய், கருக்குழாய்களில் சீழ் கட்டியிருந்தது.

இந்த மாதிரி நோய் வந்தால் கவுண்டிக்குத் தகவல் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். காகிதம் என் மேஜைக்கு வந்தது. கிருமியை வளர்த்துப் பார்த்த லேப் அறிக்கையும் கூடவே வந்தது. பெனிசிலின், பலிக்காது. டெட்ராசைக்ளின், பலிக்காது. சிப்ரோ, பலிக்காது. அசித்ரோமைசின், சந்தேகம். கடைசியில் ஒரே ஓர் ஊசி மருந்து, செஃப்ட்ரையாக்ஸோன். அதுவும் பலிக்கும், ஆனால் வழக்கத்தைவிட அதிக அளவு வேண்டியிருக்கலாம் என்று அடிக்குறிப்பு.

இந்தக் கிருமியின் யோக்கியதையை நான் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் சல்ஃபா மாத்திரைக்கே செத்தது. சில வருஷத்தில் அதைப் பார்த்துச் சிரித்தது. பெனிசிலின் வந்தது. முதலில் துளி போதும். அப்புறம் இரட்டிப்பு. அப்புறம் அதற்கும் இரட்டிப்பு. கடைசியில் இரண்டு பக்கமும் இரண்டு பெரிய ஊசி போட வேண்டியதாகி, அதற்கும் அது அசையவில்லை. அடுத்து டெட்ராசைக்ளின், அடுத்து சிப்ரோ. நான் வேலைக்குச் சேர்ந்தபோது சிப்ரோ மாத்திரையை ஒன்றே ஒன்று கொடுத்து அனுப்புவோம். இன்று அதைக் கொடுப்பதும் புதினா மிட்டாய் கொடுப்பதும் ஒன்றுதான். இத்தனையும் எங்கள் வெர்லின் தனியாகச் செய்த வேலை என்று நான் சொல்ல மாட்டேன். எண்பது வருஷமாக உலகம் முழுக்க வெர்லின்கள் சேர்ந்து உழைத்திருக்கிறார்கள். அவர்களில் வெள்ளைக் கோட்டு போட்டவர்களும் உண்டு. வெறும் சளிக்கும் கேட்டவுடன் எழுதிக் கொடுத்து அனுப்பிய டாக்டர்களை எனக்கே பெயர் பெயராகத் தெரியும்.

கொரீன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் என் அறைக்கு வந்தாள். நான் கேட்க வேண்டியதைக் கேட்டேன்.

"கொரீன், கடந்த ரெண்டு மாசத்துல யார் யார்கூட இருந்தேன்னு எனக்குச் சொல்லணும். இது வேற யாருக்கும் போகாது."

அவள் என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் திரும்பக் கேட்க விரும்பவில்லை.

"ஆறு வருஷத்துல ஒரே ஆளு டெல்லா. பேரு சொல்லணுமா? உன் வீட்டு ஹீட்டரை ரிப்பேர் பண்ணிட்டுப் போனானே, அவன்தான்."

"ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னாடி ஏதாவது மருந்து சாப்பிட்டியா?"

"வெர்லின் குடுத்தான். ஏதோ காய்ச்சல் சுத்துதாம்."

"புட்டியைப் பார்த்தியா? மேல மீன் படம் இருந்துச்சா?"

"மீனா? என்ன மீன்?"

சொன்னேன். கேலன் கணக்கையும் சொன்னேன். அவள் "எனக்கு எத்தனை கேலன்னு போட்டான்?" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் வெர்லின் வந்தார். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, மாதா கோயிலுக்குள் வருகிறவர் மாதிரி வந்தார். நான் ஊசி மருந்தைக் கலக்கிக்கொண்டிருந்தேன்.

"ஊசியா? மாத்திரையா இல்லையா?"

"இல்ல. மாத்திரையெல்லாம் உன்ன மாதிரி ஆளுங்க தின்னு தீர்த்தாச்சு."

அவர் ஊசிக் குழாயை வெளிச்சத்தில் பார்த்தார். நல்ல சாமானைப் பார்த்தால் அவருக்குக் கண் விரியும். "இவ்வளவுமா? டெல்லா, பாதியைப் போடு. மீதிய ஒரு சின்னப் புட்டியில ஊத்திக் குடு. பின்னால தேவைப்பட்டா நானே போட்டுக்கறேன். உனக்கும் தொந்தரவு இல்ல பாரு."

நான் நல்ல வார்த்தை எதுவும் சொல்லவில்லை. முழுவதையும் போட்டேன். வழக்கத்தைவிடக் கொஞ்சம் வேகமாகவே குத்தினேன் என்று ஒப்புக்கொள்கிறேன்.

"கொரீனுக்கு எதுக்கு அதைக் குடுத்தே?"

"அவ பங்கைக் குடுத்தேன். நான் மட்டும் மருந்து சாப்பிட்டுட்டு அவளை விட்டுடுற சுயநலக்காரன் இல்ல நான்."

"என்ன வியாதின்னு அவகிட்ட சொன்னியா?"

"இல்ல." இடுப்பைத் தடவிக்கொண்டே பெல்ட்டைப் போட்டார். "எதுக்கு அவளைத் தொந்தரவு பண்ணணும்?"

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் கள்ளம் ஒரு துளிகூட இல்லை. அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கெட்ட எண்ணம் இருந்தால் திட்டிவிட்டுப் போகலாம். நல்ல எண்ணத்தோடு ஒருவன் வீட்டைக் கொளுத்தினால் அவனை என்னவென்று திட்டுவது?

இரண்டு வாரம் கழித்து மறுபரிசோதனைக்கு வர வேண்டும். கிருமி இந்த மாதிரி முரட்டு ரகமாக இருந்தால், போய்விட்டதா என்று பார்த்தே ஆக வேண்டும் என்பது மாநில அலுவலகத்தின் கண்டிப்பு. வெர்லின் வருவாரா? வந்தால் அவர் இந்த இனத்தில் சேர்த்தி இல்லை. நான் வியாழக்கிழமை சாயங்காலம் பௌலிங் கூடத்துக்கே போனேன். அவர் பந்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். எதிரே ஆர்டெல் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார். மேஜைமேல், பொரித்த பாலாடைக்கட்டித் தட்டுக்குப் பக்கத்தில், தங்க மீன்.

"சரியாப்போச்சு டெல்லா. எதுக்கு இன்னொரு தடவை வந்து உன் நேரத்தைக் கெடுக்கணும்?"

"லேப் சொல்லட்டும், சரியாப்போச்சான்னு. ஆர்டெல், கையில இருக்கற மாத்திரையைக் கீழ வை."

"சளிதான். நாலஞ்சு போட்டா விட்டுடும்" என்றார் ஆர்டெல்.

நான் அங்கேயே நின்று பத்து நிமிஷம் பேசினேன். மருந்துகள் ஏன் ஒவ்வொன்றாகச் செத்துப்போகின்றன என்று, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல் சொன்னேன். கொரீனின் பெயரை எடுக்கவில்லை. வெர்லின் மிகுந்த மரியாதையோடு கேட்டார், நடுநடுவே தலையாட்டினார். முடித்ததும் ஆர்டெல் பக்கம் திரும்பிச் சொன்னார்:

"இவ சொல்றது நூத்துக்கு நூறு உண்மைடா. டிவியிலயும் சொன்னான். இந்த ஜனங்க மருந்தைக் கண்டபடி வாங்கி முழுங்கித்தான் எல்லாம் கெட்டுப்போச்சு. அப்பேர்ப்பட்டவனுங்களை உள்ள தூக்கிப் போடணும்."

நான் அவர் முகத்தையே பார்த்தேன். விளையாட்டுக்குச் சொல்கிறாரா என்று பார்த்தேன். இல்லை. மனப்பூர்வமாகச் சொன்னார். மறுநாள் காலை அவருடைய லாரிக்குக் குறுக்கே என் காரை நிறுத்தி, அப்படியே கூட்டிக்கொண்டு போய்ப் பரிசோதனை செய்தேன். கிருமி இல்லை. ஊசி வேலை செய்திருந்தது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. இந்த இனத்துக்கு எப்போதுமே ஒன்றும் ஆவதில்லை. ஆவதெல்லாம் பக்கத்தில் இருப்பவர்களுக்குத்தான்.

கொரீன் நவம்பரிலேயே தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். ஜனவரியில் ஃபார்கோவில் குழாய்களுக்குள் சாயம் விட்டுப் படம் எடுத்தார்கள். படத்தை எடுத்துக்கொண்டு நேரே என்னிடம் வந்தாள். பூட்ஸில் பனி கரைந்து தரையெல்லாம் ஈரம். வலப்பக்கக் குழாய் முழுக்க அடைத்துவிட்டது. இடப்பக்கம் ஒரு நூல் அளவுக்குச் சாயம் போயிருந்தது.

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"'பார்க்கலாம்'னாரு. போன ஆகஸ்டுல 'காலம் குடுங்க'ன்னாரு. இப்ப 'பார்க்கலாம்'."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் படத்தை மறுபடியும் உறைக்குள் போட்டாள். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"உனக்கு ஒண்ணு சொல்லணும் டெல்லா. பிஸ்மார்க்குல அவன் எவகிட்டயோ போனதைக்கூட மறந்துடுவேன் போல இருக்கு. இதை மறக்க முடியல. அன்னிக்கு மாத்திரை குடுத்தான் பாரு, கூடவே ஒரு டம்ளர் தண்ணி எடுத்துட்டு வந்தான். வெதுவெதுப்பா. ஆறு வருஷத்துல அவன் எனக்குத் தண்ணி கொண்டாந்து குடுத்தது அதுதான் முதல் தடவை. முழுங்கறவரைக்கும் பக்கத்துலேயே நின்னான். நான் அன்னிக்கு ராத்திரி எங்க அக்காவுக்குப் போன் பண்ணி, இவன் ரொம்ப மாறிட்டான்டி, என்னை நல்லாப் பாத்துக்கறான்னு சொன்னேன்."

மூன்று மணிக்குப் பள்ளிக்கூடம் விடும், பஸ் எடுக்க வேண்டும் என்று எழுந்து போய்விட்டாள்.

வாசகரே, இவ்வளவு நேரம் நீங்கள் படித்தபோது உங்களுக்கு ஒரு முகம் ஞாபகம் வந்துகொண்டே இருந்திருக்கும். உங்கள் மைத்துனரோ, பக்கத்து வீட்டுக்காரரோ, ஆபீஸில் மேஜை இழுப்பறையில் மருந்துக்கடை வைத்திருக்கும் அந்த மனிதரோ. அப்பேர்ப்பட்டவர்களை உள்ளே தூக்கிப் போட வேண்டும் என்றுகூட உங்களுக்குத் தோன்றியிருக்கலாம். வெர்லினுக்கும் அப்படித்தான் தோன்றியது. நீங்கள் மீன் மாத்திரை சாப்பிடுகிறவர் இல்லை, எனக்குத் தெரியும். உங்களுடையது டாக்டரே எழுதிக் கொடுத்த உயர்ந்த மாத்திரை. ஐந்து நாளைக்கு எழுதினார், மூன்றாம் நாள் உங்களுக்குக் குணமாகிவிட்டது. அப்புறம் ஒரு நாள் உங்களுக்கு வேண்டிய ஒருவர் முடியவில்லை என்று படுத்திருந்தபோது, "இதைப் போடு, எனக்கு உடனே கேட்டுது" என்று அந்த மிச்சத்தை எடுத்து நீட்டினீர்கள். அன்போடுதான் நீட்டினீர்கள், சந்தேகமே இல்லை. அவர் அதற்கப்புறம் எப்படி இருக்கிறார் என்று ஒரு தடவை கேட்டீர்களா?